பம்ப் ஓடுது, தண்ணி வரல

வாட்டர் இன்ஜெக்‌ஷன் (இன்ஜினுக்குள் போகும் காற்றில் தண்ணீர் தூவும் ஏற்பாடு) போட்ட காரில் பம்ப் தண்ணீர் எடுக்கவில்லை என்று எங்கே போய்ச் சொன்னாலும் முதலில் வரும் பதில், பம்பை மாத்துங்க. மாற்றுவார்கள். புதுப் பம்ப் நாலு நாள் ஒழுங்காக வேலை செய்யும், அப்புறம் ஒரு காலையில் பழையபடி வெறும் சத்தம்தான். உடனே இந்த பிராண்டே சரியில்லை என்று அடுத்த பிராண்டுக்குத் தாவுவார்கள். நான் பார்த்தவரை பிரைம் விட்டுப்போவதற்கு, அதாவது பம்ப் தண்ணீர்ப் பிடிப்பை இழந்து வெறும் காற்றில் ஓடுவதற்கு, பம்பே காரணமாக இருப்பது அபூர்வம். தண்ணீர் பம்புக்கு வந்து சேரும் வழியும், பம்பை எந்த உயரத்தில் மாட்டினோம் என்பதும்தான் பெரும்பாலும் கோளாறு. பம்ப் பாவம், காற்றைக் கொடுத்தால் காற்றைத்தான் அரைக்கும்.

இந்தச் சமாச்சாரம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். டர்போ காற்றை அழுத்தும்போது காற்று சூடாகிறது. அந்தச் சூட்டோடு நம் ஊர் சாதாரணப் பெட்ரோலும் சேர்ந்தால், ஸ்பார்க் கொளுத்திய தீ பரவி வருவதற்குள் ஓரத்தில் இருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும், அதுதான் நாக்கிங். டர்போவுக்குப் பிறகு வரும் காற்றில் தண்ணீரைப் பனி மாதிரி தூவினால் அது ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்கிறது. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 2257 கிலோஜூல் வேண்டும், அதே அளவு பெட்ரோலுக்குச் சுமார் 350 போதும், ஆகவே கொஞ்சம் தண்ணீரே நிறைய வேலை செய்யும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் போர் விமானங்களின் டைம்லர்-பென்ஸ் இன்ஜின்களில் எம்.டபிள்யூ. 50 என்று பாதித் தண்ணீர் பாதி மெத்தனால் கலவையை இதற்காகவே அடித்தார்கள். 1962-ல் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் இதை ஷோரூம் காரிலேயே கொடுத்தது. அண்மைக் காலத்தில் பி.எம்.டபிள்யூ. எம்4 ஜி.டி.எஸ்., டிக்கியில் 5 லிட்டர் தண்ணீர் டாங்கோடு வந்தது.

என்னுடையது அந்த அளவுக்கெல்லாம் இல்லை. பழைய ஆக்டேவியா 1.8 டர்போ பெட்ரோல், செகண்ட் ஹேண்ட். வாங்கும்போதே யாரோ ஒரு கிட் மாட்டியிருந்தார்கள். டிக்கியின் மூலையில் டாங்க், அதற்கு ஒரு ஜாண் மேலே பக்கவாட்டுத் தகரத்தில் 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப், அங்கிருந்து காருக்கு அடியில் 6 மி.மீ. நைலான் ட்யூப் முன்னால் போய், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி, இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டிலுக்கு முன்னால், தண்ணீரைத் தூவும் ஒரு நாசில். பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறினால் பம்ப் ஓடும். பார்க்க அவ்வளவு சுத்தமாக, ஒயரெல்லாம் ஸ்லீவ் போட்டு, அழகாகத்தான் இருந்தது.

உள்ளே ஊற்றுவது வெறும் டிஸ்டில்ட் வாட்டர். பேட்டரிக் கடையில் கேனில் கிடைக்கும். மெத்தனால் கலந்தால் ஆக்டேனும் (நாக்கிங்கைத் தாங்கும் திறன்) கூடும் என்பது உண்மைதான், ஆனால் 2023-ல் மரக்காணம், 2024-ல் கள்ளக்குறிச்சி என்று அந்த விஷத்தைக் குடித்து அத்தனை பேர் செத்துப்போன ஊரில், லைசென்ஸ் இல்லாமல் அதை வீட்டில் வைத்திருப்பது வம்பை விலைக்கு வாங்குவது. கடையில் போய்க் கேட்கவே மனசு வராது. சிறுவாணித் தண்ணீர் ருசியானதுதானே, அதையே ஊற்றலாமே என்று கேட்பவர்களுக்கு: குடிக்க எவ்வளவு நல்ல தண்ணீராக இருந்தாலும் அதில் உப்பு இருக்கும், தண்ணீர் ஆவியானதும் அந்த உப்பு வால்விலும் பிஸ்டன் தலையிலும்தான் உட்காரும். போர் தண்ணீரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சரி, கோளாறுக்கு வருவோம். காலையில் முதல் ஓட்டத்தில் பூஸ்ட் ஏறும்போது டிக்கியிலிருந்து பம்ப் சத்தம் கேட்கும், ஆனால் சத்தம் லேசாக, மெல்லிசாக, கொஞ்சம் கீச்சென்று இருக்கும். தண்ணீர் ஏறிய பம்பின் சத்தம் வேறு. அது கனமாக, அடித்தொண்டையில் உறுமுகிற மாதிரி, வண்டியின் தகரத்தில் அதிர்வாகத் தெரியும். இந்த வித்தியாசத்தைக் காது பழகிக்கொண்டால் பாதி நோயைக் கண்டுபிடித்த மாதிரி. காது பத்தாது என்பவர்கள் பம்ப் ஒயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்க்கலாம், காற்றில் ஓடும்போது கரண்ட் குறைவாக இழுக்கும், தண்ணீர் பிடித்த அடுத்த நொடி ஏறும்.

ஏன் அந்தப் பம்ப் கொஞ்சம் காற்று வந்ததற்கே கையை விரிக்கிறது என்பது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். இந்தப் பம்புகளுக்குள்ளே மூன்றோ நாலோ சின்ன அறைகள். ஒவ்வொன்றின் மேலும் ரப்பர் டயாஃப்ரம், மோட்டார் சுற்றும்போது ஒரு சாய்ந்த தட்டு அவற்றை மாறி மாறி அழுத்தும். உள்ளே ஒரு ரப்பர் வால்வு, வெளியே ஒன்று. தண்ணீரை அழுத்தினால் சுருங்காது, அழுத்திய அளவு அப்படியே வெளியே போயே ஆக வேண்டும், அதனால்தான் இத்தனூண்டு பம்ப் பத்து பார் வரை கொடுக்கிறது (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்). காற்று அப்படியில்லை, சுருங்கும். டயாஃப்ரம் முழுக்க அழுத்தினாலும் அறையில் கொஞ்சம் இடம் மிஞ்சும். கணக்குக்காக, டயாஃப்ரம் அழுத்தும் அளவும் மிஞ்சும் இடமும் சமம் என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும், அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சுமார் ஒரு பார்தான் கூடும். அதற்கு மேல் போகாது. அறைகள் பக்கம் பக்கமாக வேலை செய்கின்றனவே தவிர ஒன்றன் பின் ஒன்றாக அழுத்துவதில்லை, அதனால் நாலு அறை இருந்தாலும் அதே ஒரு பார்தான்.

இப்போது வெளியே என்ன இருக்கிறது பாருங்கள். நாசிலுக்குப் பக்கத்தில் ஒரு செக் வால்வு (ஒரு பக்கம் மட்டும் தண்ணீரை விடுவது), அதைத் திறக்கவே ஒரு பாருக்கு மேல் வேண்டும் (20 பி.எஸ்.ஐ. என்று போட்டிருப்பார்கள், அது 1.4 பார்). அதற்கு அந்தப் பக்கம் பூஸ்ட் வேறு எதிரே தள்ளுகிறது. ஒரு பார் கொடுக்கும் காற்றுப் பம்ப் இதை எங்கே திறக்கும்? அறைக்குள் அதே காற்று சுருங்கும், விரியும், சுருங்கும், விரியும். வெளியேயும் போகாது, உள்ளே தண்ணீருக்கு இடமும் விடாது. பம்ப் மட்டும் சளைக்காமல் ஓடிக்கொண்டிருக்கும். செல்ஃப் பிரைமிங் (தானாகவே தண்ணீரை இழுத்துக்கொள்ளும்) என்று பெட்டியில் போட்டிருப்பது பொய்யில்லை, வெளிவாய் திறந்திருந்தால் அது உண்மை. நம் காரில் வெளிவாய் என்றைக்கும் திறந்திருப்பதில்லை.

இதை எனக்குக் கண்ணால் காட்டியது வீட்டுக்கு ஆர்.ஓ. ஃபில்டர் மாற்ற வந்த பையன். வேலையை முடித்துக் கிளம்பும்போது டிக்கி திறந்திருந்ததைப் பார்த்துவிட்டு நின்றான்.

"ஏனுங்ணா, இது நம்ம ஆர்.ஓ. பூஸ்டர் பம்பு மாதிரியே இருக்குதுங்?"

"அதே வகைதான் தம்பி. வோல்ட்டும் பிரஷரும்தான் வேற. தண்ணி எடுக்க மாட்டேங்குது, மாத்தணும்கறாங்க."

"மாத்தாதீங்ணா. கழட்டிப் பக்கெட்ல போட்டு ஓட்டிப் பாருங். பக்கெட்ல எடுத்துச்சுன்னா பம்புமேல தப்பில்லீங், எங்கியோ காத்துப் புடிக்குது."

பம்பைக் கழற்றி, உள்வாயில் ஒரு முழ நீளத்துக்குப் புது ஹோஸ் மாட்டி, மறுமுனையைப் பக்கெட்டில் விட்டு, வெளிவாயைத் திறந்தபடி பேட்டரியில் கொடுத்தோம். சட்டென்று இழுத்துவிட்டது. வெளிவாயைக் கட்டைவிரலால் அடைத்தால் விரலைத் தள்ளிக்கொண்டு பீய்ச்சுகிறது. அப்புறம் ஹோஸைத் தண்ணீரிலிருந்து எடுத்து எல்லாத் தண்ணீரையும் வெளியேற்றிவிட்டு, இந்த முறை வெளிவாயில் காரின் செக் வால்வையும் நாசிலையும் மாட்டி ஓட்டினோம். எடுக்கவே இல்லை. அதே பம்ப், அதே பக்கெட். நாசில் பக்கத்து ட்யூபை ஒரு நொடி தளர்த்தினதும் பிஸ் என்று காற்று போனது, பின்னாலேயே தண்ணீர் வந்தது. ஆக, பம்ப் நல்ல பம்ப். உள்ளே காற்று எப்படி வருகிறது என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். லீக் என்றதும் ஈரத்தைத் தேடுவார்கள். டார்ச் அடித்து, டிஷ்யூ பேப்பர் ஒற்றி, எங்கேயும் சொட்டவில்லையே என்று திருப்தியாகிவிடுவார்கள். ஆனால் பம்புக்கு முன்னால் இருக்கும் பகுதியில், பம்ப் ஓடும்போது உள்ளே அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைவு. அங்கே ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். பம்ப் நின்றதும் அதே ஓட்டை வழியாக மெதுவாகக் காற்று நுழைய, ட்யூபில் நின்றிருந்த தண்ணீர் டாங்குக்கே இறங்கிப் போகும். எல்லாம் எலும்பு மாதிரி காய்ந்திருக்கும். கிணற்று மோட்டார் வைத்திருந்த குடும்பங்களுக்கு இது புதிதில்லை. ஃபுட் வால்வு சரியாக மூடாவிட்டால் ராத்திரியில் தண்ணீர் கிணற்றுக்குள்ளேயே இறங்கிவிடும், காலையில் மோட்டாரைப் போட்டால் சும்மா சுற்றும், ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால்தான் எடுக்கும். சாணியைக் கரைத்து ஊற்றி அந்தச் சந்துகளை அடைத்து ஓட்டுவார்கள். காரில் சாணி ஊற்ற முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கண்டுபிடிக்க ஒரே நல்ல வழி, பம்பின் உள்வாய்ப் பக்கத்து ட்யூபைக் கொஞ்ச நேரத்துக்காவது கண்ணாடி மாதிரி தெரிகிற ட்யூபாக மாற்றுவது. கறுப்பு ட்யூபை வைத்துக்கொண்டு ஆரூடம்தான் சொல்லலாம். நான் டாங்கிலிருந்து பம்ப் வரை, எல்போவில் செருகியிருந்த சின்னத் துண்டைத் தவிர, மற்ற எல்லாவற்றையும் தெளிவான ட்யூபில் மாற்றி, சாயங்காலம் தண்ணீர் நிற்கும் இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனேன். காலையில் பார்த்தால் தண்ணீர் கோட்டைவிட்டு இறங்கி டாங்கில் இருக்கும் மட்டத்துக்கே வந்து நிற்கிறது. பம்பை ஓட்டினால் தண்ணீர் ஏறுகிறது, ஆனால் பம்பின் வாய்க்கு அரை அங்குலம் முன்னால், புஷ்-ஃபிட் எல்போ (ட்யூபை அழுத்திச் செருகும் வளைந்த இணைப்பு) இருக்கும் இடத்திலிருந்து, கடுகு அளவுக் குமிழ்கள் ஒன்றன் பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் உள்ளே போகின்றன. டாங்க் பக்கத்திலிருந்து ஒரு குமிழ்கூட இல்லை. எல்போவுக்குப் பிறகுதான் எல்லாம்.

அந்த எல்போவில் செருகியிருந்த பழைய ட்யூபை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கட்டிங் பிளேயரில் வெட்டியிருக்கிறார்கள். முனை சாய்வாக, வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் நசுங்கியிருந்தது. முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி நீளவாக்கில் நகம் பட்ட மாதிரி ஒரு கீறல், சரியாக ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) உட்காரும் இடத்தைத் தாண்டிப் போகிறது. அழுத்தம் இருக்கும் பக்கத்தில் இதே ட்யூபைச் செருகினால் ஒருவேளை தாக்குப்பிடிக்கும், ஏனென்றால் தண்ணீர் அழுத்தம் ஓ-ரிங்கை அதன் இடத்தில் இன்னும் இறுக்கும். உறிஞ்சும் பக்கத்தில் அந்த உதவி கிடையாது. காற்று, தண்ணீரைவிட மெல்லிசு வேறு, தண்ணீர் போகாத சந்தில் அது போய்விடும். புஷ்-ஃபிட் ஃபிட்டிங் பிரஷர் லைனுக்கு அருமையான பொருள், உறிஞ்சும் லைனில் அதைப் போடுவது எனக்குச் சம்மதமே இல்லை. அங்கே முள் வைத்த நிப்பிள், அதன்மேல் கெட்டியான ஹோஸ், கிளிப். அவ்வளவு போதும். ட்யூபை வெட்ட பிளேடு வைத்த ட்யூப் கட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதிக விலையில்லை.

தெளிவான ட்யூப் மாட்ட முடியாத இடமாக இருந்தால் வேறு ஒரு வழி இருக்கிறது. டாங்கின் மூடியில் ஒரு வால்வைப் பொருத்தி சைக்கிள் பம்பால் மிக லேசாக, 0.2, 0.3 பாருக்கு மேல் போகாமல், காற்று கொடுத்துவிட்டு ஜாயின்ட்டுகளில் சோப்பு நுரை தடவுவது. காற்று எதிர்த்திசையில் வெளியே வரும், நுரை காட்டிக்கொடுக்கும். அளவு மீறினால் பிளாஸ்டிக் டாங்க் வயிறு ஊதிவிடும், ஜாக்கிரதை.

மூடி என்றதும் இன்னொன்று. டாங்க் மூச்சு விட வேண்டும். தண்ணீர் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர ஒரு துளை வேண்டும், இல்லையென்றால் டாங்குக்குள் வெற்றிடம் சேர்ந்து பம்ப் இழுக்கத் திணறும். குலுங்கிச் சிந்துகிறதே என்று மூடியில் சிலிக்கோன் பூசி அடைத்துவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு அடையாளம் சுலபம், பம்ப் நின்றுபோன நிலையில் மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே போகும், அடுத்த நிமிடம் பம்ப் ஒழுங்காக எடுக்கும். துளை வழியாகச் சிந்துகிறது என்றால் அதில் ஒரு ட்யூப் மாட்டி மேலே கொண்டுபோய் வளைத்துவிடுங்கள்.

எல்போவை மாற்றியதும் குமிழ் நின்றது, காலையில் தண்ணீரும் கோட்டிலேயே நின்றது. அதோடு விட்டிருக்கலாம்தான். ஆனால் பம்ப் டாங்குக்கு மேலே இருக்கும்வரை இந்த நிம்மதி ஒரு ஓ-ரிங்கின் ஆயுளோடு கட்டப்பட்டது. ஆகவே பம்பைக் கழற்றிக் கீழே, டாங்கின் அடிமட்டத்துக்கும் கீழே வைத்து, டாங்கின் அடியில் துளை போட்டுத் தண்ணீர் தானாகவே பம்புக்குள் இறங்குகிற மாதிரி செய்தேன். டாங்கிலிருந்து பம்ப் வரை ஒரே ஹோஸ், 10 மி.மீ. உள் அகலம், கையளவு நீளம், நடுவில் மேலேறி இறங்கும் வளைவு எதுவும் இல்லாமல். வளைவு இருந்தால் அந்த மேட்டில் காற்று போய் உட்கார்ந்துகொள்ளும். மெல்லிய சிலிக்கோன் ஹோஸ் வேண்டாம், சூட்டில் இளகி உறிஞ்சும்போது இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அதுவே புதுப் புதிராகிவிடும். இப்படி வைத்தால் ஜாயின்ட் கசிந்தாலும் தண்ணீர் வெளியே சொட்டும், கண்ணுக்குத் தெரியும், காற்று உள்ளே போகாது. எனக்குச் சொட்டுகிற லீக் எவ்வளவோ மேல்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு, அதைச் சொல்லாமல் பம்பைக் கீழே இறக்குங்கள் என்று மட்டும் சொல்வது ஆபத்து. டாங்க் நாசிலைவிட உயரத்தில் இருந்தால், பம்ப் நின்ற பிறகும் தண்ணீர் சைஃபன் ஆகி இன்ஜினுக்குள் சொட்டிக்கொண்டே இருக்கலாம். ராத்திரி முழுக்கச் சொட்டி ஒரு சிலிண்டரில் தேங்கினால் காலையில் செல்ஃப் அடித்ததும் கனெக்டிங் ராட் வளைந்துவிடலாம். நாசில் த்ராட்டிலுக்குப் பின்னால் இருந்தால் இன்னும் மோசம், ஐடிலில் மேனிஃபோல்டில் இருக்கும் வெற்றிடம் சாதாரணமாக 0.6 பாருக்கு மேல், அது ட்யூபில் இருக்கும் தண்ணீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி இழுத்துவிடும். அப்போது இன்ஜினுக்குத் தேவையில்லாத நேரத்தில் தண்ணீரும் போகும், தேவைப்படும் நேரத்தில் லைனும் காலியாக இருக்கும். செக் வால்வின் ஸ்பிரிங் கெட்டியாக இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். நான் நாசிலுக்கு ஒரு சாண் முன்னால் சோலனாய்டு வால்வும் போட்டுவிட்டேன், பம்புக்கு கரண்ட் போகும்போது மட்டும் அது திறக்கும்.

வெளிப்பக்கத்து லைன் காலியாவது தனிக் கோளாறு, உறிஞ்சும் பக்கத்துக் கோளாறோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. பம்ப் சத்தம் கனமாகவே இருக்கும், தண்ணீரும் எடுத்திருக்கும், ஆனால் இன்ஜினுக்குத் தாமதமாகத்தான் வரும். 4 மி.மீ. உள் அகலமுள்ள ட்யூப் நாலரை மீட்டர் ஓடினால் அதற்குள் 57 மி.லி. தண்ணீர் இருக்கும். அது முழுக்கக் காலியாக இருந்தால் அதை நிரப்பவே சில நொடிகள் போய்விடும், இரண்டாவது கியரில் ஒரு முழு அழுத்து அழுத்தினால் அந்தச் சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். பி.எம்.டபிள்யூ.காரர்கள் எம்4 ஜி.டி.எஸ்.-ஸில் இன்ஜினை அணைத்ததும் லைனில் இருக்கும் தண்ணீரை டாங்குக்கே திருப்பி விடுகிற மாதிரி வேண்டுமென்றே வைத்தார்கள். அவர்கள் ஊரில் லைனில் நின்ற தண்ணீர் உறைந்துவிடும். ஆனால் அங்கே எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. பூஸ்ட் ஸ்விட்ச் ஒன்றை மட்டும் நம்பி ஓடும் கிட்டில் லைன் எப்போதும் நிறைந்தே இருக்க வேண்டும். கோவையில் தண்ணீர் உறையும் கவலை நமக்கு இல்லை.

நமக்கு எதிர்க்கவலை. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறிவிட்டு வண்டியை நிறுத்தினால் பானெட்டுக்குள் வெப்பம் அப்படியே கொதித்துக்கொண்டிருக்கும். நாசில் பக்கத்தில் நிற்கும் தண்ணீர் நன்றாகவே சூடாகும். மெத்தனால் கலந்தவர்களுக்கு இது இன்னும் தொல்லை, அது 65 டிகிரியிலேயே கொதிக்கும், லைனில் ஆவி நிறைந்துவிடும். பம்ப் இன்ஜின் பக்கத்தில் இருந்தால் பம்புக்குள்ளேயே இது நடக்கும். ஆகவே எவ்வளவு இடம் இருந்தாலும் பம்பை பானெட்டுக்குள் வைக்காதீர்கள், டிக்கிதான் அதற்குச் சரியான இடம்.

மெத்தனால் ஊற்றுபவர்கள் ரப்பரையும் பார்க்க வேண்டும். விட்டான் ரப்பர் என்றால் எல்லாவற்றையும் தாங்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெட்ரோலுக்கு அது சரி. சாதாரண விட்டான் மெத்தனாலில் ஊறி உப்பும், வால்வு சரியாக உட்காராது, பம்ப் பின்னோக்கி விடும். இ.பி.டி.எம். ரப்பர் மெத்தனாலையும் தண்ணீரையும் நன்றாகத் தாங்கும், ஆனால் பெட்ரோலோ ஆயிலோ பட்டால் அது கெட்டுவிடும். பம்ப் வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றுபவர்களுக்கு எதிரி பாசியும் தூசியும்தான். வெயில் படும் வெள்ளை டாங்கில் நாளடைவில் பச்சையாக ஒரு வழவழப்பு படியும், அதில் ஒரு துணுக்கு பம்ப் வால்வின் உதட்டில் மாட்டினால் போதும், வால்வு மூடாது. பம்புக்கு முன்னால் வலை ஃபில்டர் அவசியம், ஆனால் அந்த ஃபில்டரே அடைத்துக்கொண்டால் பம்ப் வெற்றிடத்தைத்தான் இழுக்கும். ஃபில்டரின் உடம்பு ஒளி ஊடுருவுகிறதாக இருந்தால் பார்த்ததும் தெரிந்துவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சில சமயம் பம்ப் நடுவில் ஒரு நொடி கீச்சிடும், அப்புறம் சரியாகிவிடும். அது டாங்க். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் தண்ணீர் பின்னால் ஓடும். வண்டி 0.4 ஜி முடுக்கத்தில் (புவியீர்ப்பில் 0.4 பங்கு) முன்னால் பாய்கிறது என்றால் 30 செ.மீ. நீளமுள்ள டாங்கில் தண்ணீர் மட்டம் முன்பக்கம் 6 செ.மீ. இறங்கி பின்பக்கம் 6 செ.மீ. ஏறும். பம்ப் ஓடுவதே வண்டி பாயும்போதுதான், ஆகவே துளை டாங்கின் பின்சுவரை ஒட்டி இருக்க வேண்டும். என் டாங்கில் பழைய பிக்கப் ட்யூப் முன்பக்கத்தில் இருந்தது. அதை யோசித்து வைத்தவர் வண்டியை நிறுத்திவைத்தே டெஸ்ட் பண்ணியிருப்பார் போல. வளைவுகளுக்கு இதுவும் போதாது. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றிலிருந்து வெளியேறும்போதும் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும், அந்த நேரம்தான் கால் அழுத்தும். துளையைச் சுற்றி ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி தடுப்பு வைத்து ஒட்டினேன், அடியில் மட்டும் தண்ணீர் நுழைய வழி. டாங்க் பாதிக்குக் கீழே இறங்கினால் இன்னும் எப்போதாவது கீச்சிடத்தான் செய்கிறது, அதனால் பாதிக்குக் கீழே விடுவதில்லை.

கடைசியாக, பம்ப் சத்தம் கேட்கிறது என்பதை வைத்து தண்ணீர் போகிறது என்று நம்பும் டியூன் (இன்ஜின் கம்ப்யூட்டரில் செய்யும் அளவு மாற்றம்) எதையும் காரில் வைக்காதீர்கள். தண்ணீரை நம்பி ஸ்பார்க் டைமிங்கை முன்னால் தள்ளி, பூஸ்டைக் கூட்டி வைத்திருந்தால், பிரைம் போன அன்றைக்குப் பிஸ்டன் போகும். நாக் சென்சார் கொஞ்சம் காப்பாற்றும், எல்லாவற்றையும் காப்பாற்றாது. அறுபது வருஷத்துக்கு முன்னால் அந்த ஜெட்ஃபயரிலேயே, தண்ணீர்க் கலவை தீர்ந்தால் பூஸ்ட் தானாகக் குறைகிற ஏற்பாடு இருந்தது. நான் பம்புக்குப் பின்னால், சோலனாய்டுக்கு முன்னால், ஒரு பிரஷர் ஸ்விட்ச் மாட்டியிருக்கிறேன். பம்புக்கு கரண்ட் போய் ஒரு நொடிக்குள் லைனில் 4 பார் வரவில்லை என்றால் பூஸ்ட் கன்ட்ரோல் வால்வுக்குப் போகும் கரண்ட்டை ஒரு ரிலே வெட்டிவிடும், டர்போவின் அழுத்தம் வேஸ்ட்கேட் (அழுத்தம் மீறாமல் புகையை வேறு வழியில் விடும் கதவு) ஸ்பிரிங்கின் அளவுக்கு மேல் ஏறாது, டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். பிரஷர் வந்தும் நாசில் அடைத்திருந்தால் இந்த ஸ்விட்ச் ஏமாந்துவிடும், அதற்கு ஃப்ளோ சென்சார்தான் வேண்டும். அது இன்னும் வாங்கவில்லை, அதுவரை மாதம் ஒருமுறை நாசிலைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் தூவவிட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.